அம்மா ஜிம்முக்குப் போன மத்தியானம்

என் அத்தை மகன் கல்யாணத்தில் தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. கெட்டிமேளத்தை மட்டும் கேட்டேன். கேட்ட இடம், வாலாஜாபாத்தில் அந்த மண்டபத்தின் பெண்கள் கழிவறை. உட்கார்ந்தபடி கேட்டேன். எழுந்து நிற்க முடியாததால்தான் உட்கார்ந்தபடி.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பிடிவாதம் பிடித்து வாங்கிய பச்சைப் பட்டுப் பாவாடை, மஞ்சள் தாவணி. தலையில் ஒரு முழம் மல்லிகை போதாதென்று கனகாம்பரமும் சேர்த்து வைத்திருந்தேன். இவ்வளவு அலங்காரத்தையும் முதலில் முழுசாகப் பார்த்தது தண்ணீர் மொள்ளும் ஒரு பிளாஸ்டிக் மக்கு.

எப்போதும் அம்மா கதவுக்கு வெளியே நிற்பாள். நான் கூப்பிட்டதும் உள்ளே வந்து, இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குவாள். உட்கார எனக்குத் தெரியும். எழத்தான் அம்மா வேண்டும். அன்றைக்கு மேடையிலிருந்து யாரோ ஆரத்திக்கு அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"தோ வந்துட்றேன். எங்கியும் போய்டாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எங்கே போக?

கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு வீரம் வந்தது. சுவரில் இருந்த குழாயைப் பிடித்து எழப் பார்த்தேன். குழாய் என்னோடு வந்துவிட்டது. சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடித்தது. பட்டுப் பாவாடை, தாவணி, கனகாம்பரம் எல்லாவற்றுக்கும் அபிஷேகம்.

வெளியே பெண்கள் வரிசை சேர்ந்துவிட்டது.

"உள்ள யாரு?"

"நான்தான்."

"நான்னா யாரு?"

அதற்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு பெண் வீட்டார் இரண்டு பேர் வந்து, ஆளுக்கொரு கையாக என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருத்தி "பாவம்" என்றாள். இன்னொருத்தி "பட்டு போச்சே" என்றாள். இரண்டாமவள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

பந்தியில் உட்காரும்போது விஷயம் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பரிமாறியவர் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சாய்த்துக்கொண்டு ஒரு ஜாங்கிரி கூடுதலாக வைத்தார். இரக்கத்தில் வந்த ஜாங்கிரி. நான் அதையும் சாப்பிட்டேன்.

என் கால்கள் பற்றி

இந்தத் தொடரை இடையில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காக: எனக்கு செரிப்ரல் பால்சி. மூளை முடக்குவாதம் என்று சான்றிதழில் எழுதியிருப்பார்கள். ஏழு மாதத்தில் பிறந்துவிட்டேன். அதற்கப்புறம் எதிலும் நான் அவ்வளவு அவசரம் காட்டியதில்லை.

கைகள் நன்றாக இருக்கும். வாய் அதைவிட நன்றாக இருக்கும். கால்கள்தான் இரண்டும் ஒன்றோடொன்று ரகசியம் பேசுகிற மாதிரி முட்டியில் ஒட்டிக்கொள்ளும். குதிகால் தரையில் படாது. முட்டி மடங்கியே இருக்கும். இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்து, நுனிக்காலில், எதையோ திருடப் போகிறவள் மாதிரி நடப்பேன்.

இதைச் சரிசெய்ய எங்கள் வீட்டில் பார்க்காத வைத்தியம் இல்லை. விதவிதமான எண்ணெய். நாய்கள் என் பின்னாலேயே வரும் அளவுக்கு வாசனை கொண்ட ஒரு தைலமும் அதில் சேர்த்தி.

ஒரு கோடையில் யாரோ சொன்னார்கள் என்று நைனா என்னைப் பழையசீவரம் பாலாற்றுக்கு வாராவாரம் கூட்டிப்போய், மணலில் குழி தோண்டி, இடுப்பு வரைக்கும் நிற்க வைத்து மூடினார். கால் நேராகிவிடுமாம். நான் நடு ஆற்றில் நட்டு வைத்த செடி மாதிரி நிற்பேன். நைனா பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு பெண்மணி என்னை நோக்கிக் கும்பிட்டுவிட்டுக்கூடப் போனார். கால் நேராகவில்லை. இடுப்புக்கு மேலே மட்டும் நன்றாகக் கறுத்துப்போனேன்.

எது எப்படியோ, சின்ன வயதில் சென்னையில் பார்த்த ஒரு பெரிய டாக்டர் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் அம்மா மந்திரம் மாதிரி வைத்திருந்தாள். காலுக்குப் பாரம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இன்னும் இறுகிப்போகும். அதனால் என் கால்கள் பத்தொன்பது வருஷம் எந்த வேலையும் செய்யாமல் மகாராணி மாதிரி வளர்ந்தன.

ஹேமா மேடம் கேட்ட கேள்வி

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில், உத்திரமேரூரில் வாரம் ஒருநாள் வந்துகொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் ஹேமா மேடத்திடம் போய் நின்றோம். திருச்சிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். அவர் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்கு எதுக்காக பலம் வேணும்?"

இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"காலேஜுக்கு நடந்து போவணும் மேடம்."

"நீ தபால்லதானே படிக்கிற?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அம்மா தண்ணீர் குடிக்க வெளியே போகும் வரைக்கும் பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"பாத்ரூமுக்குத் தனியா போய்ட்டு வரணும். உக்காந்துட்டு நானே எழுந்துக்கணும். அவ்ளோதான்."

ஹேமா மேடம் சிரிக்கவில்லை. "அப்ப முதல்ல நாற்காலியில இருந்து எழுந்திருக்கக் கத்துக்கலாம். கையை ஊணாம" என்றார்.

போகப்போகக் காலுக்குப் பாரமும் ஏற்றப் போகிறார் என்று தெரிந்ததும் அம்மா கையை ஆட்டினாள். "வெயிட்டா? அதெல்லாம் வாணாம்மா. பெரிய டாக்டரே சொல்லிக்கீறாரு. ஏற்கெனவே முறுக்கிக்கினு கீது. வெயிட்டு தூக்கினா இன்னும் முறுக்கிக்கும்."

"முன்னாடி எல்லாரும் அப்படித்தாம்மா சொன்னாங்க. ஆனா இறுக்கம் வேற, பலம் வேற. இவ கால் இறுகி இருக்கு. அதோட பலமும் இல்ல. பலத்தை ஏத்தினா இறுக்கம் ஏறிடாது. நான் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன். வலிச்சா நிறுத்திடலாம்."

அம்மாவுக்குப் பாதி நம்பிக்கை. மீதியை என் முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்தாள்.

உப்பு மூட்டை

பயிற்சி ரொம்ப எளிது. நாற்காலியில் உட்கார வேண்டும், எழ வேண்டும். எல்லாரும் தினமும் நினைப்பே இல்லாமல் செய்கிற காரியம். எனக்கு முதல் நாள் நாலாவது தடவைக்கே தொடை நடுங்கி, மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"முன்னாடி சாய். மூக்கு கால் விரலுக்கு மேல வரணும். அப்புறம் தள்ளு" என்பார் மேடம்.

அது சுலபமாக வர ஆரம்பித்ததும் பாரம் ஏற்றச் சொன்னார். வீட்டில் பாரத்துக்கு எங்கே போவது? மளிகைக் கடையில் கிலோ உப்புப் பாக்கெட் வாங்கி, என் பழைய பள்ளிக்கூடப் பையில் போட்டு முதுகில் மாட்டிவிட்டாள் அம்மா. பையில் ஒரு பூனை பொம்மை படம் உண்டு. பத்தொன்பது வயதில், பூனை பொம்மைப் பையில் உப்பைச் சுமந்துகொண்டு, ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்த என்னைத் தெருவில் போகிறவர்கள் பார்த்து என்ன நினைத்தார்களோ. ஒருநாள் பாக்கெட் ஒன்று கிழிந்து முதுகு முழுக்க உப்பு இறங்கிவிட்டது. வியர்வையோடு சேர்ந்து நான் கருவாடு ஆகும் பதத்தில் இருந்தேன்.

நாற்காலிக்குப் பிறகு ஸ்டூல். ஸ்டூலுக்குப் பிறகு செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை. செங்கல் ஒவ்வொன்றாகக் குறையக் குறைய, நான் தரையை நெருங்கினேன். கடைசி வரிசைச் செங்கல்லில் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்து எழவே முடியவில்லை. மேடம் என் தொடையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உப்பு போதாது. ஜிம்முக்குப் போ" என்றார்.

யாரும் தொடாத மெஷின்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முன்பு நெல் குடோனாக இருந்த தகர ஷெட்டில் பாஸ்கர் ஜிம் வைத்திருந்தார். மேடமும் கூடவே வந்து பேசினார். பாஸ்கருக்குக் கழுத்தே தெரியாத அளவுக்கு உடம்பு. ஆனால் என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆய்ப்போச்சின்னா ஊரு என்னத்தான் மேடம் கேக்கும்."

"முதல் மாசம் வாராவாரம் நானே வந்து நிக்கறேன்" என்றார் மேடம்.

மூலையில் ஒரு மெஷின் இருந்தது. சாய்ந்து உட்கார்ந்து, காலால் ஒரு பலகையைத் தள்ள வேண்டும். பலகைக்குப் பின்னால் இரும்புத் தட்டுகளை மாட்டுவார்கள். அதன்மேல் ஒரே துண்டும் சட்டையுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே வருகிற பையன்களுக்கு நெஞ்சும் கையும்தான் முக்கியம். மேலே காளை, கீழே கொக்கு. காலுக்கு மெஷின் இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. சட்டைகளை எடுத்துப்போட்டு, ஒட்டடை தட்டி, பாஸ்கர் அதை எனக்காகத் திறந்துவைத்தார். அந்த மெஷினின் முதல் வாடிக்கையாளர் நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

கூட்டம் இல்லாத மத்தியான நேரம் எனக்கு ஒதுக்கப்பட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள். நைனா குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறவர். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டு, திரும்பும்போது எங்களை ஏற்றிப்போய் இறக்கிவிடுவார். தகரத்துக்குக் கீழே கல்லில் ரொட்டி வேகிற மாதிரி சூடு. காற்றில் இரும்பும் பழைய வியர்வையும் கலந்த வாசனை. பாஸ்கர் என்னை "பாப்பா" என்பார். ஊரே அப்படித்தான். நான் கிழவியானாலும் இந்த ஊரில் பாப்பாவாகத்தான் சாவேன்.

"பாப்பா, மெல்ல. மெல்ல. போதும் பாப்பா."

"போதாது. கடைசி ரெண்டும் கஷ்டமா இருக்கணும்" என்பார் மேடம்.

அந்தக் கடைசி இரண்டில் நான் கத்துகிற கத்தலுக்குப் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஒருமுறை ஸ்பானரோடு ஓடிவந்தார்.

புடவையோடு

அம்மாவுக்கு அங்கே வேலை இல்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்னைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பு போயிருந்தது. குனிந்தால் நிமிர நேரமாகும். அதைப் பற்றி அவள் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒருநாள் நான் முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"இத்த நானும் ஒரு தபா தள்ளிப் பாக்கட்டா?"

பாஸ்கர் திடுக்கிட்டார். "அக்கா, பொடவையோடவா?"

"பொடவையோடதான் மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கினு வரேன். இதுக்கின்னா தனியா?"

கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கண்ணீர் விட்டுத் தள்ளிய பாரத்தைக் கதவைத் திறப்பது மாதிரி தள்ளினாள். பாஸ்கர் ஒரு தட்டு ஏற்றினார். அதையும் தள்ளினாள். மேடம் பக்கத்தில் வந்து, முதுகை எப்படி வைப்பது, இடுப்புக்கு என்ன பயிற்சி என்று சொல்ல ஆரம்பித்தார். நான் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு என் மெஷின் பறிபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேர். எனக்கு ஒரு தட்டு ஏறினால் அம்மாவுக்கு இரண்டு ஏறும். பாஸ்கர் என்னைப் பார்த்து "நல்லா பண்றே பாப்பா" என்பார். அம்மாவைப் பார்த்தால் வாயைத் திறந்தபடி நிற்பார்.

நடை

இதற்கிடையில் என் மனதுக்குள் ஒரு கள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. மேடத்திடம் கேட்டது பாத்ரூம்தான். ஆனால் தொடை கெட்டியாகக் கெட்டியாக, ஒருநாள் காலையில் எழுந்து ஊன்றுகோலை மூலையில் வீசிவிட்டு, குதிகால் பதிய, தெருவோடு நடந்து போவேன் என்று நானே ஒரு படம் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குப் பின்னணி இசையெல்லாம் உண்டு. காற்றில் தாவணி பறக்கும்.

எதிர் வீட்டு லட்சுமி அக்கா அதை ஒரே வாக்கியத்தில் நிறுத்தினார். கெட்ட எண்ணமில்லை. வாசலில் நின்று நான் வருவதை உன்னிப்பாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இவ்ளோ நாளு போயிம் நடை அப்டியேதான கீது."

உண்மைதான். அதே முட்டி, அதே நுனிக்கால், அதே திருட்டு நடை. அடுத்த வாரம் மேடத்திடம் சண்டைக்குப் போனேன்.

"நடை மாறும்னு நான் எப்பவாவது சொன்னேனா சுகன்யா?"

சொல்லவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. திட்டுவதற்கு ஆள் கிடைக்காத கோபத்துக்கு ஈடு இல்லை.

"இனிமே நான் வரல" என்றேன். வீட்டில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். மேடம் ஒருமுறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. யாராவது வந்து கெஞ்சுவார்கள், கொஞ்சம் அழுதுவிட்டு மன்னித்து, திரும்பப் போகலாம் என்பது என் திட்டம்.

யாரும் கெஞ்சவில்லை. அடுத்த முறை ஜிம் நாள் வந்தபோது, அம்மா சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வரியா?"

"வரல."

"செரி. நான் போய்ட்டு வந்துட்றேன்."

"நீ எதுக்குப் போற?"

"எனக்கு இப்பதான் இடுப்பு வலி விட்டுக்கீது. நீ வராங்காட்டி நான் எதுக்கு நிக்கணும்?"

நைனா வண்டியின் ஹாரனை அடித்தார். அம்மா என்னை விட்டுவிட்டு ஜிம்முக்குப் போனாள். என் கால்களுக்காக ஆரம்பித்த கதையில் எனக்கே வேடம் இல்லாமல் போனது.

அந்த மத்தியானம்

இரண்டு மூன்று முறை அப்படிப் போய்வந்தாள். சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிடுவாள். நானும் மோரைக் குறைத்துக் குடித்து, அவள் வரும் வரை சமாளித்துவிடுவேன்.

அன்றைக்கு வரவில்லை. வண்டி வழியில் நின்றுவிட்டது என்று பிறகு தெரிந்தது. போன் செய்தேன். அம்மாவின் போன் வீட்டிலேயே, அரிசி டப்பா மேல் அடித்தது. நைனா எடுக்கவில்லை.

நான் கொஞ்சம் பொறுத்தேன். இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். லட்சுமி அக்காவைக் கூப்பிடலாம். அந்த வாயிடம் போவதைவிட அடக்கிக்கொண்டே செத்துப்போகலாம். கடைசியில், கோபம் எல்லாவற்றையும் சேர்த்து அம்மா மேல் வைத்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே எழுந்தேன். பின்பக்கம் மாட்டுக் கொட்டகையைத் தாண்டினால் பாத்ரூம். மாடு மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அசை போட்டது.

உள்ளே சுவரில் நைனா ஒரு இரும்பு பைப்பைக் குறுக்காகப் பதித்திருந்தார். மேடம் சொல்லிப் பதித்தது. அதுவரை அந்தப் பைப்பும் அம்மாவும் சேர்ந்துதான் என்னைத் தூக்கினார்கள்.

உட்கார்ந்தேன். அதில் எனக்கு என்றைக்கும் சிரமமில்லை.

பிறகு பைப்பைப் பிடித்தேன். இழுத்தேன். பாதி வரை வந்து திரும்ப உட்கார்ந்துவிட்டேன். சுவரில் இருந்த பல்லி சத்தம் போட்டது. கைதான் இழுக்கிறது, கால் சும்மா இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. மூக்கு கால் விரலுக்கு மேலே. முன்னால் சாய்ந்தேன். அந்தக் கடைசி வரிசைச் செங்கல் ஞாபகம் வந்தது, இரும்புத் தட்டு ஞாபகம் வந்தது, அம்மா அதைக் கதவு மாதிரி தள்ளியது ஞாபகம் வந்து எரிச்சலும் வந்தது. காலால் தரையைத் தள்ளினேன். தொடை நடுங்கியது. விடவில்லை.

நின்றேன்.

அவ்வளவுதான். பின்னணி இசை இல்லை. முட்டி மடங்கித்தான் இருந்தது, குதிகால் அந்தரத்தில்தான் இருந்தது. பைப்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்று மூச்சு வாங்கினேன். ஒருவர் கையும் என் அக்குளில் இல்லை. அந்த இடம் என்னவோ குளிர்ச்சியாக இருந்தது.

எப்படியோ தண்ணீர் ஊற்றிவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வந்து, வாசல் நடையில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, என்ன முகத்தோடு இதைச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்தாள். நைனா வண்டியை நிறுத்தித் திருப்பிக்கொண்டிருந்தார். அம்மா முகமெல்லாம் வியர்வை, நல்ல உற்சாகம்.

"பாஸ்கரு இன்னிக்கி இன்னொரு தட்டு ஏத்திட்டான்" என்றாள். உடனே என்னைப் பார்த்துப் பதறினாள். "ஐயோ, நேரமாய்ட்ச்சி. வா, வா. போலாம்."

"நான் போய்ட்டு வந்துட்டேன்."

"எங்க?"

"பின்னால. பாத்ரூமுக்கு."

"யாரு இட்டுக்கினு போனது? லட்சுமியா?"

"யாருமில்ல."

அம்மா என் பாவாடையைப் பார்த்தாள், எங்காவது விழுந்த அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று. முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தோளில் இருந்த துண்டை என் மடியில் போட்டுவிட்டு வேகமாகப் பின்பக்கம் போனாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"தண்ணி செரியா ஊத்தல நீ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரல் என்னவோ மூக்கடைத்த மாதிரி இருந்தது.

பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒரு பக்கெட் காலியானது. குழாய் திறந்தது, பக்கெட் நிரம்பியது, மறுபடி ஊற்றினாள். நைனா உள்ளே வந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இன்னா பண்றா உங்கம்மா?"

"பாத்ரூம் கழுவிக்கினு கீது."

"இவ்ளோ நேரமாவா?"

உள்ளே இன்னொரு பக்கெட் நிரம்பிக்கொண்டிருந்தது. அவ்வளவு ஊற்றும்படி நான் ஒன்றும் செய்துவிடவில்லை.